பன்னிரண்டு சீட்டும் ஒரு மோட்டாரும்

“உங்கள் மோட்டார் நின்றுவிட்டது” என்று கைப்பேசியில் ஒரு பெண்குரல் சொன்னபோது மணி பதினொன்று. அப்துல் பாசித்தின் டீக்கடையில் உட்கார்ந்திருந்த கன்னியப்பனுக்கு வாயிலிருந்த டீ கசந்தது. மழை ஓய்ந்து, காலை ஆறு மணிக்கு மோட்டார் போட ஆரம்பித்த இந்த மூன்று நாளாக அதே நேரம், அதே குரல். ஸ்டார்ட்டரோடு இணைத்திருந்த போனிலேயே மறுபடி ஓடவிட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடி நின்றது.

கழனியின் மேல்பாதி நனைகிறது. கீழ்ப்பாதிக்குச் சொட்டுத் தண்ணீர் போகவில்லை. கதிர் பால் பிடிக்கிற சமயம். இன்னும் நாலு நாள் இப்படியே போனால் பதரைத்தான் அறுக்க வேண்டும்.

மெக்கானிக் சுகுமார் வந்தான். மோட்டாரைத் தட்டிப் பார்த்தான்.

“காயில் போயிகீதுண்ணா. மாத்திட்டா சும்மா பிச்சிக்கினு ஓடும்.”

மாற்றினார்கள். பிய்த்துக்கொண்டுதான் ஓடியது. பத்தரைக்கே நின்றது.

“அப்ப பைப்புதான். உள்ள அடைப்பு.”

பெரிய பைப்பு போட்டார்கள். பத்து மணிக்கு நின்றது.

“மோட்டாரே சின்னதுண்ணா. மொதல்லயே எனக்கு டவுட்டு.”

முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்கும் தெம்பு கன்னியப்பனுக்கு இல்லை. புது மோட்டார் வந்தது. ஊரே வேடிக்கை பார்க்க வெள்ளமாகக் கொட்டியது. ஒன்பதரைக்கு நின்றது.

டீக்கடைக்குள் ஆளுக்கொரு காரணம் முளைத்தது. லோ வோல்டேஜ், ஸ்டார்ட்டரில் பல்லி, கண்ணேறு, வாஸ்து, செல்போன் டவர். கழனிப் பக்கம் போய் ஒரு மணி நேரம் சும்மா நின்று பார்க்கலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. வெயில் அப்படி.

“பேஜாரா கீது நைனா. எது நெசம்னு எப்பிடித்தான் கண்டுபுடிக்கறது?” என்றார் கன்னியப்பன்.

அப்துல் பாசித் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

“நம்ம உத்திரமேரூரு பக்கத்து ஆளுங்களுக்கு இது ஒரு கேள்வியா? ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே குடவோலை போட்டவங்க நாம. சீட்டு எய்தி குடத்துல போடு.”

ஆளைத் தேர்ந்தெடுத்த முறையில் உண்மையையும் தேர்ந்தெடுத்துவிடலாம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். காரணத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சீட்டு தயாரானது. அதில் ஒன்று ‘தமிழரசன்’. பக்கத்துக் கழனிக்காரர். போன மாதம் கன்னியப்பன் கழனித் தண்ணீர் வழிந்து அவருடைய வேர்க்கடலையில் பாய்ந்ததில் இரண்டு பேருக்கும் கொஞ்சம் மனஸ்தாபம்.

சீட்டு எடுக்க நடுநிலையான ஆள் வேண்டுமே? கன்னியப்பன் வரப்பில் புல் அறுக்கும் முனியம்மாள் தூக்குவாளியோடு டீ வாங்க வந்தாள். படிக்கத் தெரியாது, எதிலும் சம்பந்தமும் கிடையாது. இதைவிடப் பொருத்தமான கை கிடைக்காது.

“இன்னாத்துக்கு நைனா இதெல்லாம்?”

“உனுக்குப் பிரியாது. கைய வுட்டு ஒண்ண எடு.”

எடுத்தாள். ‘தமிழரசன்’.

மறுநாள் காலை வரப்பில் சண்டை வெடித்தது. முப்பது வருடப் பழக்கத்தை இரண்டு பேரும் முப்பது நிமிடத்தில் தீர்த்துக்கட்டினார்கள்.

“கடலைக்குப் பழி வாங்கறியா? எம் பயிரு காஞ்சிக்கினு கீது!”

“குடத்துல கைய வுட்டுக் குத்தவாளியப் புடிக்கறவன் நீ. உங்கிட்ட இன்னா பேசறது?” தமிழரசன் தன் வரப்பின்மேல் ஏறி நின்றார். “தோ, உன் எதுர்லதான நிக்கறேன். மோட்டாரு எப்பிடி நிக்குதுன்னு நீயே பாரு.”

பார்த்தார்கள். புது மோட்டாரின் தண்ணீர் வாய்க்காலில் நுரைத்து ஓடிவந்து, கழனியின் நடுவில், தமிழரசனின் வரப்போரத்தை எட்டியது.

அங்கே புல் அறுத்துக்கொண்டிருந்த முனியம்மாள் அரிவாளைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குள் போனாள்.

“உங்கள் மோட்டார் நின்றுவிட்டது” என்றது போன்.

கன்னியப்பன் கொட்டகைக்கு ஓடினார். “இன்னா... இன்னா பண்ற நீ?”

“நீ மோட்டார மாத்த மாத்த தண்ணி சீக்கிரமா வந்துடுது, புல்லு அறுக்கவே நேரமில்ல. நிறுத்தனாலும் தானா வேற ஓடுது, அதயும் ஓடி ஓடி நிறுத்தறேன்” என்று அலுத்துக்கொண்டாள் முனியம்மாள். “தமிழரசன் வரப்ப தண்ணி தொட்டா ஒடனே மோட்டார நிறுத்துன்னு போன மாசம் நீதான நைனா சொன்ன?”