ரண்டர்ஸின் பரம்பரைத் தலைமை

ரண்டர்ஸ், டென்மார்க்

அன்பும் மதிப்பும் மிக்க பெரியண்ணைக்கு,

கனடாவில், ஸ்காபரோவில் நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கு என் முழங்காலைத் தவிர மற்றெல்லாம் நலம்.

கடந்த ஞாயிறு எமது திருவிழாச் சபை ஒரு மாபெரும் முடிவை எடுத்தது. மதிய விருந்தில் ஆட்டுக்கறிக்குப் பக்கத்தில் இனிமேல் கத்தரிக்காய்க் குழம்பும் இருக்கும். என் தலைமைக் காலத்தின் சாதனை இதுதான், வேறொன்றும் நினைவில்லை. அந்த வெற்றிச் சூட்டிலேயே செயலாளர் மேரிசெலின் எழுந்து, மண்டபம் தரும் நகரசபை, தெரிவுசெய்யப்பட்ட தலைவர் உண்டா என்று கேட்டிருப்பதாகச் சொன்னாள்.

"அண்ணை, உங்களை ஆர் தெரிவு செய்தது?"

"என்ரை தகப்பன், அப்பு."

"அப்புவை?"

"அப்பு வரேக்கை இந்த ஊரிலை வேறை தமிழ் ஆக்கள் இல்லை. போட்டியில்லாமல் வந்தவர்."

சபை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. தலைமை போனால், திருவிழாவில் மாதா சொரூபத்தைத் தூக்கும் நால்வரில் ஒருவனாக முன் வலப்பக்கத் தண்டைத் தோளில் சுமக்கும் உரிமையும் போய்விடும். அப்புவின் மரணவீட்டில் தேத்தண்ணி வருமுன்பே நான் ஏற்றுக்கொண்ட பொறுப்பு அது. நான் நெட்டை, மற்ற மூவரும் குள்ளம் என்பதால் மாதா சாய்ந்தபடியே பவனி வருகிறா என்று குறை சொல்பவர்கள் உண்டு. அது பொறாமை.

ஆகவே பேசினேன். தேர்தலில் நிற்பவன் தகுதியைக் காட்டவேண்டும். தலைவனாகவே பிறந்தவனுக்கு அந்தச் சிரமமில்லை, எல்லோருக்கும் நேரம் மிச்சம் என்றேன். இங்கிலாந்தின் பரம்பரைப் பிரபுக்களை உதாரணம் காட்டினேன்: பூட்டன் பெற்ற ஆசனத்தில் அமர்ந்து, நித்திரை கொண்டபடியே சட்டம் இயற்றியவர்கள். அவர்களையும் வீட்டுக்கு அனுப்ப முடிவெடுத்தாயிற்று என்று என் மகள் ஜெசிக்கா டேனிஷில் சொன்னாள். டேனிஷில் சொன்னதால் அதைக் கூட்டக் குறிப்பில் சேர்க்கவில்லை. இந்த நாட்டில் ஒரேயொரு குடும்பத்துக்குத்தான் அப்படி வேலை கிடைக்கும் என்றும் சொன்னாள். அரண்மனையை ஒருவரும் குறை சொல்வதில்லையே என்றேன்.

முடிவை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைத்தார்கள். எனவே அண்ணை, எங்கள் குடும்பத்தில் பொறுப்பெல்லாம் பிறப்புரிமைப்படியே போகும் என்று இரண்டு வரி எழுதி உடனே அனுப்புங்கள். உங்கள் சொல்லுக்கு இங்கே இன்னும் மதிப்பிருக்கிறது.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளை மாதா காக்க.

உங்கள் தம்பி,
நிக்கலஸ்
(தலைவர்)

பி.கு.: இதை அனுப்புவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. உங்கள் இரண்டு வரி தேவைப்படவில்லை. பிறப்புரிமையைச் சபை ஏகமனதாக ஏற்றது, மேரிசெலினே முன்மொழிந்தாள். அப்புவின் மூத்த மகன் என்ற முறையில் நீங்கள் தலைவர். நகரசபைக்கு அறிவித்தாயிற்று. கூட்டம் மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும்.