ஏழாம் மாதம் தட்டியது யார்?

கிறிஸ்தவச் சபையின் வேதப்பாடப் பரீட்சையில் நான் இரண்டு முறை முதல் பரிசு வாங்கியவள். ஒரு முறை இசக்கியம்மனுக்குத் தொட்டிலும் கட்டியவள். பரிசு வாங்கியது ஊரில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

அப்போது திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சி. அருமனைக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். வயது இருபது. மிஷன் பள்ளியில் பெண்களுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுக்கும் வேலை. வயிற்றில் தலைப்பிள்ளை. கணவர் நாகர்கோவிலில் வாத்தியார், சனிக்கிழமைதான் வருவார். வீட்டில் நானும் மாமியாரும். அவரை மாமி என்றுதான் கூப்பிடுவேன். சபையின் பெண்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. ஜெபிக்க ஆரம்பித்தால் அடுப்பில் சோறு குழைந்துவிடும் (குழைந்த சோற்றுக்கும் சேர்த்தே நன்றி சொல்வார்).

எனக்குப் படித்த திமிர் கொஞ்சம் உண்டு. கர்ப்பிணிகளுக்காக அச்சிட்ட சின்னப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி, மாதம் பார்த்துப் படித்துவந்தேன். மூன்றாம் மாதம் வாந்தி வரும் என்றது, வந்தது. ஐந்தாம் மாதம் பிள்ளை அசையும் என்றது, அசைந்தது. ‘ஏழாம் மாதத்தில் எதிர்பார்க்க வேண்டியவை’ என்ற தலைப்புக்குக் கீழே செல்லரித்து ஒரு பெரிய ஓட்டை. அதன் வழியே பார்த்தால் பிரசவத்துக்கு வெந்நீர் வைக்கும் பக்கம் தெரிந்தது. நடுவில் என்ன நடக்கும் என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் டீச்சரின் மதிப்பு என்ன ஆவது?

கேட்காமலே சொல்வதற்கு அடுத்த வீட்டுச் செல்லம்மை இருந்தாள். மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள்.

“டீச்சரம்மா, ஏழு மாசம் ஆயிட்டுல்லா. உச்சி நேரம் தனியா இருக்காதிய. குளத்தங்கரை இசக்கி வயித்துப் பிள்ளையோட செத்தவளாக்கும். ஏழாம் மாசம் வந்து வயித்துல தட்டிப் பாப்பா. உள்ள எடம் உண்டான்னு கேப்பா.”

மூடநம்பிக்கையைப் பற்றி நான் அவளுக்கு அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள், கிழங்கு முழுவதையும் உரித்து முடித்தாள், சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று எழுந்து போனாள்.

அவள் சொன்னதற்கு நான்காம் நாள் உச்சிப்பொழுது. மாமி சபைக்குப் போயிருந்தார். நான் லேஸ் பின்னும் தலையணையை முன்னால் வைத்து, நூல் சுற்றிய மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். காற்று இல்லை. கோழிகள்கூட எங்கோ அடங்கிவிட்டிருந்தன. கட்டைகளின் சத்தத்துக்கு நடுவே இன்னொரு தட்டல் வந்தது. கையை நிறுத்தினேன். தட்டல் நிற்கவில்லை. அது வயிற்றுக்குள் இருந்தது.

பிள்ளை உதைப்பது எனக்குப் பழக்கம். அது தோன்றினால் உதைக்கும், தோன்றாவிட்டால் தூங்கும். இது அப்படியில்லை. தொப்புளுக்கு இடப்பக்கம், ஒரே இடத்தில், ஒரே இடைவெளியில், யாரோ கதவுக்கு வெளியே நின்று மரியாதையாகத் தட்டுவது போல. ஞானப்பாட்டு பாடிப் பார்த்தேன். தட்டல் பாட்டுக்குத் தாளம் போட்டது. பாட்டை நிறுத்திவிட்டேன்.

மறுநாளும் அதே நேரம். மூன்றாம் நாள் தட்டலோடு வயிறே கல்லாக இறுகிப் பிறகு தளர்ந்தது. பிள்ளையைக் கொண்டுபோய்விடுவாள் என்று நிச்சயமாக நம்பினேன். மாமியிடம் சொல்ல வாய் வரவில்லை. இசக்கியைப் பற்றி அவரிடம் எந்த முகத்தோடு பேசுவது?

தட்டல் தொடங்கிய நான்காம் நாள் உச்சிக்கு, வீங்கிய கால்களோடு குளத்தங்கரைக்குப் போனேன். தொட்டில் கட்ட என் கல்யாணத் தலையணை உறையை எடுத்துக்கொண்டேன். ஓரத்தில் நானே பின்னிய லேஸ்: மூன்று இலை, நடுவில் ஒரு நட்சத்திரம். (பழந்துணி எத்தனையோ இருந்தது. இசக்கியே ஆனாலும் என்னை மட்டமாக நினைத்துவிடக் கூடாதே!)

ஆலமரம் முழுக்கக் குட்டிக்குட்டி மரத்தொட்டில்கள். குளத்தில் ஒரு சிற்றலைகூட இல்லை. தொட்டில்கள் மட்டும் பைய ஆடிக்கொண்டிருந்தன. மண் சிலையின் இடுப்பில் ஒரு பிள்ளை, வாயில் ஒரு பிள்ளை. நான் கண்ணை மூடிக்கொண்டு கைக்கு எட்டிய கிளையில் உறையின் இரு முனைகளையும் கட்டினேன்.

“நான் வேதக்காரி. ஒங்கிட்ட நான் கேக்கப்பிடாது. பிள்ளைய மட்டும் விட்டிரு” என்றேன்.

உள்ளேயிருந்து பதிலாகத் தட்டல் வந்தது. ஏழு மாத வயிற்றோடு ஒருத்தி எவ்வளவு வேகமாக ஓட முடியும் என்பதையும் அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை. நான் ஓடினேன்.

மறுநாள் பகலில் பெண்கள் சங்கம் எங்கள் வீட்டில் கூடியது. பதினொரு பேர். எல்லாரும் என்னிடம் லேஸ் படித்தவர்கள். மாமி வேதப்புத்தகத்தைத் திறக்கும் நேரத்தில் செல்லம்மை வாசலில் வந்து நின்றாள். கையில் என் தலையணை உறை. நல்ல மனசு அவளுக்கு.

“டீச்சரம்மா, இது ஒங்களுக்கதுல்லா? இசக்கி கோயில் ஆலமூட்டுல அவுந்து கெடந்துது.”

மூன்று இலை, நடுவில் நட்சத்திரம். பதினொரு பேரும் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தட்டல் தொடங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தட்டுகிறாள், ஐந்து நாளாகத் தட்டுகிறாள் என்று எல்லாவற்றையும் உளறினேன். இரண்டு பேர் வாசல் பக்கம் நகர்ந்தார்கள்.

மாமி எழுந்து வந்து என் வயிற்றில் கையை வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“இதுக்கா பேடிச்ச, மக்களே?” என்று, பயந்து அழுதுகொண்டிருந்த என்னிடம் கேட்டார். “பிள்ளைக்கு விக்கல் எடுக்கு. ஏழு மாசம் ஆனா எடுக்கும். வயிறு இறுகுததும் உள்ளதுதான்.”

பதினொரு பேரும் சிரித்த சிரிப்பு குளத்தங்கரைக்குக் கேட்டிருக்கும். மாமி சிரிக்கவில்லை. உறையை வாங்கி, மடித்து, வேதப்புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டு ஜெபத்தைத் தொடங்கினார். அன்று சோறு கரிந்தே போனது.

மாதம் நிறைந்து சுகமாகப் பெண் பிறந்தாள். ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளத்தங்கரை வழியாகப் போனோம். என் கண் தானாக ஆலமரத்துக்குப் போயிற்று. கிளையில் என் உறை தொங்கியது. இந்த முறை அவிழ்வதற்கு வழியே இல்லை. இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி இறுக்கிய முடிச்சு. எங்கள் வீட்டில் பசுவை அப்படிக் கட்டுகிறவர் ஒருவர்தான்.

நான் மாமியைப் பார்த்தேன்.

“நேரே பாத்து நட, மக்களே” என்றார்.

இன்றும் எங்கள் வீட்டில் யாருக்காவது விக்கல் எடுத்தால், பக்கத்தில் இருப்பவர் பலகையில் மூன்று தட்டுத் தட்டி, “உள்ள எடம் உண்டா?” என்று கேட்பார். வீடே சிரிக்கும். பேரப்பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். சாகும்வரை அதற்குச் சிரிக்காதவர் மாமி ஒருவர்தான்.