கந்தப்பளைக்குப் போக ஒரு ஹீட்டர்

ஜிந்துப்பிட்டி,
கொழும்பு 13.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சாந்தகுமார் அத்தானுக்கு,

உங்கள் மைத்துனி துஷ்யந்தி எழுதுவது. முருகன் துணையால் இங்கே அப்பா, அம்மா, அக்கா, உங்கள் மகள் எல்லோரும் சுகம். கார் நேற்றிலிருந்து சுகம். கந்தப்பளைக் குளிரில் நீங்களும் மாமா, மாமியும் போர்வைக்குள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சம்பந்தி வீட்டுக்குப் போகிற செய்தி எழுத்தில்தான் போக வேண்டும், வீட்டில் ஒரு பட்டதாரி எதற்காக இருக்கிறாள் என்று அப்பா கேட்டுவிட்டார். தபாலில் போட்டால் ஞாயிறு தாண்டிவிடும். அதனால் எழுதி முடித்ததும் படம் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். மாமா, மாமிக்கு நீங்கள் இதைச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டுமாம்.

பிள்ளை பிறந்து மூன்று மாதம் முடிந்ததும் பிள்ளையையும் அக்காவையும் உங்கள் வீட்டில் கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு, அதற்கு இந்த ஞாயிறு நல்ல நாள். போன வாரம் மாமி போன் எடுத்து, மலை ஏறும்போது பிள்ளைக்குக் குளிருமே, காரில் ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டார்களே, அப்பா யோசிக்காமல் "முதல் தரமா வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டார். கார் வாங்கிய நாளிலிருந்து அந்த ஹீட்டர் குமிழைச் சிவப்புப் பக்கம் ஒருவரும் திருப்பியதில்லை. கொழும்பில் யார் திருப்புவார்கள்? போனை வைத்ததும் அப்பா போய்த் திருப்பினார். நல்ல குளிர் காற்று வந்தது. ஏசியை அணைக்கவில்லை என்று நான் சொன்னேன். அணைத்த பிறகு தெருவில் வீசுகிற அதே காற்று வந்தது. இங்கே அது பரவாயில்லை, கந்தப்பளை, நுவரெலியாப் பக்கம் அதுவே பனியாக வருமே என்று அம்மா சொல்ல, அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனையில் பிறெடி அண்ணனின் கராஜுக்குப் போனார்.

போனதும், "என் மக கெம்பஸ் முடிச்சவ, அவளுக்கு எல்லாம் விளங்கும்" என்றார். நான் படித்தது புவியியல். பிறெடி அண்ணன் மரியாதையாக டோர்ச்சை என் கையில் தந்தார். குளிர் காற்று வருகிறது என்று அப்பா முறைப்பாடு சொன்னதும் அவருடைய முகம் மலர்ந்தது. "அண்ணே, கொழும்பில குளிர் காத்து வருதெண்டு கவலைப்படுற முதல் ஆள் நீங்கதான்" என்றார். குளிர் போதவில்லை என்று நாங்கள் மறைமுகமாகக் குறை சொல்கிறோம் என்று நினைத்து, ஏசிக்குக் கேஸ் அடித்து அனுப்பினார். வீடு வரும்வரை நான் தும்மினேன். மறுநாள் போய் விளக்கமாகச் சொன்னோம். ரேடியேட்டரில் தண்ணீர் குறைவு என்று நிரப்பினார், சூடு வரவில்லை. எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரைத் தடுத்துவைக்கும் தெர்மோஸ்டட்டைத் தேடினார், அது இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் ஒன்று வாங்கி வந்து பூட்டிய பிறகு எஞ்சின் நன்றாகச் சூடாகியது, காற்று மட்டும் பழைய காற்று. அப்படியென்றால் டேஷ்போர்டை முழுவதும் கழற்ற வேண்டும், இரண்டு வாரமாகும் என்றார். அப்பா ஞாயிற்றுக்கிழமையை நினைத்து அங்கிருந்த பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

டோர்ச் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அப்போது ஒன்று தெரிந்தது. எஞ்சினிலிருந்து சூடான தண்ணீர் இரண்டு குழாய் வழியாகக் காருக்குள்ளே போய் வர வேண்டும். எங்கள் காரில் ஒரே குழாயை வளைத்து எஞ்சினிலேயே திரும்பப் பூட்டியிருந்தது. சூடு உள்ளே போகவே வழியில்லை. இதை இரண்டு தடவை சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆகவே படம் எடுத்து, வட்டம் போட்டு, பக்கத்தில் நின்ற பிறெடி அண்ணனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் போனைப் பார்த்து, என்னைப் பார்த்து, குழாயைப் பார்த்து, எவனோ மடையன் செய்த வேலை என்று திட்டினார். அப்பா மெல்ல, முன்பு குழாய் ஒழுகியபோது நீங்கள்தானே பத்து நிமிடத்தில் சரிசெய்து தந்தீர்கள் என்று ஞாபகப்படுத்தினார்.

"அப்ப நான்தான்" என்றார் பிறெடி அண்ணன், கொஞ்சமும் வெட்கப்படாமல். "கொழும்புக் காருக்கு ஹீட்டர் என்னத்துக்கு? நான் எல்லாக் காருக்கும் இப்பிடித்தான் செய்யிறது."

புதுக் குழாய் பூட்டியாயிற்று. நேற்று மத்தியானம் காரின் கண்ணாடி ஷட்டர் எல்லாம் மூடி, ஹீட்டரை முழுதாகத் திருப்பி, ஹெந்தளை வரை போய்ப் பார்த்தோம். பேலியகொடையில் வாகன நெரிசல். பாதியில் திறந்தால் சோதனை செல்லாது என்று அப்பா ஷட்டரை இறக்க விடவில்லை. நாங்கள் வியர்வையில் நனைந்துபோய் இருப்பதைப் பார்த்த போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டி, ஏசி பழுதா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை, ஹீட்டர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறோம் என்றார் அப்பா. அவர் லைசென்ஸைக்கூடக் கேட்காமல் எங்களைப் போகவிட்டார்.

ஆகவே ஞாயிறு விடிய இங்கிருந்து புறப்பட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இருப்போம். மாமா, மாமிக்கு எங்கள் எல்லோருடைய வணக்கம். உங்கள் மகள் தன் அப்பாவுக்கு ஒரு கொட்டாவி அனுப்பியிருக்கிறாள்.

இப்படிக்கு,
துஷ்யந்தி

பி.கு.: இதை வாசித்துக் காட்ட வேண்டாம். இன்று காலை காரை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போன அம்மா வரும் வழியில் கராஜுக்குப் போய், குழாயைப் பழையபடி வளைத்துப் பூட்டச் சொல்லியிருக்கிறார். பிறெடி அண்ணன் சந்தோஷமாகச் செய்து கொடுத்துவிட்டார். அம்மாவைக் கேட்டால், "சூட்டுக் காத்து பச்சப் பிள்ளைக்கு ஒத்துக்காது" என்று பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார். அக்கா பையைக் கட்டி வைத்துவிட்டு உங்களிடம் வரக் காத்திருக்கிறாள். அத்தான், இதுவரை உங்கள் வீட்டில் ஒருவரும் அம்மாவைத் தங்க வரும்படி கூப்பிடவில்லை. கூப்பிடாமல் சம்பந்தி வீட்டில் தங்கக்கூடியவர் இல்லை அம்மா, பேத்தியை விட்டுவரவும் மனமில்லை. மாமி இன்றைக்கே போன் எடுத்து, நீங்களும் வந்து பேத்தியோடு ஒரு மாதம் இருந்துவிட்டுப் போங்கள் என்று சொன்னால் போதும். ஹீட்டர் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும்.