ரெண்டு காட்டு ராஜாவும் ஒரு லீவு விண்ணப்பமும்

ஒரு காட்டில் என்றுதான் இந்த மாதிரிக் கதையைத் தொடங்க வேண்டும். என்ன செய்ய, இதில் ரெண்டு காடு. நடுவில் ஓர் ஆறு. வடக்கே இருந்த காட்டில் அப்பாவுக்குப் பிறகு பிள்ளை ராஜா. தெற்கே இருந்த காட்டில் ஓட்டுப் போட்டு ராஜா.

தெற்குக் காட்டு மிருகங்கள் உள்ளூர்க்காரனை ராஜாவாக்க மாட்டார்கள். அடுத்த குகைக்காரன் பெரிய ஆளாகிவிட்டால் வயிறு எரியுமே! அதனால் வடகாட்டு இளவரசன் வரியப்பன் என்ற புலியைக் கூட்டி வந்து மாலை போட்டார்கள். போடுவதற்கு முன் முப்பது பக்க நிபந்தனையில் கையெழுத்து வாங்கினார்கள். வரியப்பன் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. நாம் மட்டும் படிக்கிறோமாக்கும்!

நடுக்கோடையில் வடக்கே அவன் அப்பா செத்துப்போனார். இப்போது வரியப்பன் ரெண்டு காட்டுக்கும் ராஜா. ஆனால் வடகாட்டில் ஒரு கண்டிப்பு உண்டு. முதல் மழை விழுவதற்குள் புது ராஜா அப்பாவின் பாறையில் ஏறி உறுமிவிட வேண்டும். தவறினால், பக்கத்தில் இருக்கிற சொந்தக்காரருக்குப் பாறை போய்விடும். பக்கத்தில் இருந்தவர் சித்தப்பா.

"நான் உடனே கிளம்பணும்" என்றான் வரியப்பன்.

சபையின் குமாஸ்தா ஒரு முள்ளம்பன்றி. அது தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கி மையில் தோய்த்தது. "தாராளமா போங்க மகாராஜா. லீவு ஃபாரம் மட்டும் எழுதிக் குடுத்துருங்க. கூடவே, போற காட்டு ராஜாகிட்டேருந்து ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கடிதம். நிபந்தனை இருபத்திரெண்டு."

"அந்தக் காட்டு ராஜாவே நான்தானய்யா!"

"ரொம்ப நல்லதாப் போச்சு. நீங்களே கையெழுத்துப் போட்ருங்க. அந்தப் பாறை மேல உட்கார்ந்து போட்டாத்தான் செல்லும், அவ்வளவுதான்."

"பாறைக்குப் போகத்தானே லீவே கேக்கறேன்?"

"எனக்குப் புரியுது மகாராஜா. ஃபாரத்துக்குப் புரியாதே."

ஆற்றைத் தாண்டி ஓடியிருக்கலாமே, புலிதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நிபந்தனையை மீறி ஓடியிருந்தால் தெற்குக் காடு கையைவிட்டுப் போயிருக்கும். ரெண்டில் எதையும் விட்டுக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

செல்போனில் சித்தப்பாவைக் கூப்பிட்டான். "சித்தப்பா, போனைப் பாறை மேல வைங்க. வீடியோவுல இங்கேருந்தே உறுமிடறேன்."

"அதுக்கென்ன கண்ணு, வச்சாப் போச்சு" என்றார் சித்தப்பா. வைத்தார். சத்தத்தை மட்டும் அடைத்துவிட்டு வைத்தார். வரியப்பன் தொண்டை கட்டுகிற வரை உறுமினான். வரிசையில் வந்து பார்த்த வடகாட்டு மிருகங்கள், "பாவம், ராஜா கொட்டாவி விடறாரு, அசதி போல" என்று சொல்லிவிட்டுக் கலைந்து போனார்கள்.

ஆனி மாதம் ஒரு மத்தியானம் மழை கொட்டியது.

"எங்கப்பா படுத்திருந்த இடத்தை ஒருதரம் மோந்து பாக்கக்கூட முடியலையே" என்று வரியப்பன் தேம்பித் தேம்பி அழுதான். கேலியாகக் கதை சொல்ல வந்த எனக்கே சங்கடமாகிவிட்டது.

மறுநாள் காலையில் ஒரு கொக்கு கடிதம் கொண்டு வந்தது. முள்ளம்பன்றி பிரித்து உரக்கப் படித்தது. "வடகாட்டு அரசராகிய எமக்குத் தங்கள் வருகையில் எவ்வித ஆட்சேபணையும் இல்லை. பாறையிலிருந்து, அன்புள்ள சித்தப்பா."

முள்ளம்பன்றிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டமாலென்று முத்திரை குத்தியது. "பாத்தீங்களா மகாராஜா! முறைப்படி வந்தா வேலை எவ்வளவு சுளுவா முடியுது! பதினஞ்சு நாள் லீவு சாங்ஷன். காரணம்ங்கற கட்டத்துல, 'உறவினர் வீட்டுக்கு'ன்னு நானே போட்டுட்டேன்."

நீதியைக் கேட்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும்,

நீதி: உங்கள் விண்ணப்பம் நகரவே இல்லையா? எதற்காக விண்ணப்பித்தீர்களோ அதைச் சித்தப்பாவுக்கு விட்டுக்கொடுங்கள். மறுநாளே கையெழுத்தாகி வந்துவிடும்.