காப்பி பல்பரில் முள் எடுத்த மீன்

இக்கட்டுரையில் நான் என் கண்ணால் கண்டவற்றையும், என் மனைவி கோதை மறுக்காதவற்றையும் மட்டுமே எழுதுவேன். காரணம் உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டு மலையிலுள்ள நாகலூரில் எங்கள் வாடகை வீட்டில் நடந்த இந்நிகழ்ச்சி, உறவினர் வாயில் ஆண்டுதோறும் சதை போட்டு வருகிறது. கெண்டை மீன் முதலில் வாளையாயிற்று, பின்னர்ச் சுறாவாயிற்று. பூனைகள் பெருகின. அண்மையில் ஒரு திருமணப் பந்தியில் சிறுத்தையொன்றும் வந்து போனதாகக் கேள்வியுற்றேன். சிறுத்தை வரவில்லை. மற்றவை பெரும்பாலும் உண்மை என்பதே என் துயரம்.

அப்போது நான் மணமாகிச் சில மாதங்களே ஆன தமிழாசிரியன். மாமனார் பினாங்குத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றுச் சேலத்துக்குத் திரும்பியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையேறி வருவதாகச் சொல்லியனுப்பினார். மகள் மலையில் வசதியின்றி வாடுகிறாளா என்று பார்ப்பதும், வாடினால் எனக்குக் கீழே மாற்றல் கிடைக்கும்வரை அவளைக் கையோடு அழைத்துச் செல்வதும் அவருடைய திட்டம். (மாற்றலாவது, கிடைப்பதாவது.) கோதையின் டிரங்குப் பெட்டி கட்டிலடியிலிருந்து என்னையே முறைத்துக்கொண்டிருந்தது.

மாமனாரின் மனத்தை வெல்ல எனக்கு ஒரே வழிதான் தென்பட்டது. திருமணத்தன்றே அவர் என்னிடம் சொல்லியிருந்தார்: "பினாங்குல ஒரு மீன் பலகாரம் இருக்குதுங்க மாப்ளே. பச்சை மீனைச் சாந்தா அரச்சு, எலுமிச்சம்புல்லு போட்டுப் பொரிப்பாங்க. கடிச்சா பந்து மாதிரி துள்ளோணும். நம்ம பக்கம் எவனுக்கும் அது கைவராதுங்க."

கைவரச் செய்வதென்று முடிவு செய்தேன். அதுவரை நான் வெந்நீர் தவிர வேறெதையும் சமைத்ததில்லை என்பதை ஒரு தடையாகக் கருதவில்லை. முதற்பணியாக அப்பலகாரத்துக்கு 'மீனப்பம்' என்று பெயர் சூட்டினேன். கோதை அதை மீன் வடை என்றே அழைத்தாள். உளுந்தின்றி வடையில்லை என்பதை விரிவாக விளக்கினேன். "சரிங்க, மீன் வடைக்கு எண்ணெய் எவ்வளவு வேணுங்க?" என்றாள்.

எலுமிச்சம்புல் கொல்லையிலேயே இருந்தது. அரிந்து சேர்க்க நாரத்தை இலையும் பீன்ஸும் கிடைத்தன. மேட்டூர்க் கெண்டை, நண்பர் ஒருவர் உதவியால், சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. கண்டக்டர் அதைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்திருந்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, அடுத்த தடவை புஸ்தகமா வாங்கியாரச் சொல்லுங்க. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் உங்க கெண்டை சீட்டு மாறி உக்காந்துச்சுங்க. ஒரு அம்மா மடியிலயே உக்காந்துருச்சு."

கெண்டையின் குறை அதன் முள். சதைக்குள் கவை கவையாக ஒளிந்திருக்கும்.

"வேக வெச்சு உதுத்தா முள்ளு தானா வந்துருமுங்க" என்றாள் கோதை.

"வெந்த மீன் துள்ளாது" என்றேன். (அன்று முழுவதும் நான் சொன்னவற்றுள் சரியானது இது ஒன்றே.)

"அப்பன்னா நான் கடைக்குப் போய் எண்ணெய் வாங்கியாந்து பாக்கறனுங்க. அதுவரைக்கும் நீங்க எதையும் தொட வேண்டாம்."

அவள் தெரு திரும்பும்வரை நான் எதையும் தொடவில்லை.

வீட்டுக்காரர் சடையன் கவுண்டர் சொந்தமாகக் காப்பி பயிரிடுபவர். எங்கள் கொல்லையை ஒட்டிய கொட்டகையில் அவருடைய கை பல்பர் நின்றது. காப்பிப் பழத்தைக் கொட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் தோல் ஒருபுறம் விழும். கொட்டை மறுபுறம் வாய்க்கால் வழியே தொட்டிக்குப் போகும். அன்று கவுண்டர் ஏற்காட்டுக்குப் போயிருந்தார். நான் தருக்கம் பயின்றவன். தோலையும் கொட்டையையும் பிரிக்க வல்ல பொறி, முள்ளையும் சதையையும் ஏன் பிரிக்காது? இக்கேள்விக்கு அக்கொட்டகையில் விடையளிப்பார் எவருமில்லை.

கெண்டையை முழுதாக உள்ளே விட்டுச் சுற்றினேன். தலை ஒரு பக்கம் போயிற்று. வால் ஒரு பக்கம் போயிற்று. இடைப்பட்ட கெண்டை எல்லாப் பக்கமும் போயிற்று. பொறி இறுகி நின்றது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் இளகும் என்று ஊற்றினேன். இளகியது. மீனில் ஒரு பாதி வாய்க்காலில் மிதந்து சென்று, முந்தின நாள் தோல் நீக்கிய காப்பிக் கொட்டை ஊறிக்கொண்டிருந்த தொட்டிக்குள் அமைதியாக இறங்கியது.

மறுபாதியைப் பல்பரின் பற்களிலிருந்து வழித்து ஒரு கிண்ணத்தில் சேர்த்தேன். அதில் செந்நிறத் துணுக்குகள் தென்பட்டன. மிளகாய் போடும் வேலை மிச்சமென்று மகிழ்ந்தேன். அவை காப்பிப் பழத்தோல். அந்நேரம் நாகலூர்ப் பூனைகள் வேலிமேல் வரிசையாக வந்தமர்ந்தன.

வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. கவுண்டரும் என் மாமனாரும் ஒரே பஸ்ஸில் வந்திறங்கியிருந்தனர். வழிநெடுகக் கவுண்டர் தம் காப்பியின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்.

"ஊட்டுக்குள்ள அப்பறம் போலாமுங்க. மொதல்ல தொட்டிகிட்ட வந்து வாசம் புடிச்சுப் பாருங்க. சேலத்துல இந்த வாசம் வராதுங்க."

இருவரும் குனிந்தனர். இருவரும் நிமிர்ந்தனர். கவுண்டர் மீண்டும் குனிந்தார்.

"வாத்தியாரே, தொட்டிக்குள்ளிருந்து என்னமோ நம்மளப் பாக்குதுங்க."

"கெண்டைங்க" என்றேன்.

"கெண்டைக்குக் காப்பித் தொட்டியில என்னங்க சோலி?"

"முள் எடுக்க வந்ததுங்க."

மாமனார் அருகில் வந்தார். என் மீசையிலிருந்து ஒரு செதிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். எண்ணெயுடன் வந்த கோதை தொட்டியைப் பார்த்தாள், பல்பரைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. முந்தானையைச் செருகினாள்.

"அப்பா, அந்தக் கூடையப் புடிங்க. ஏனுங்க கவுண்டரே, நல்ல தண்ணியத் தொறந்து உடுங்க. அலசித் தலையப் பொறுக்கிப் போட்டுரலாம்." பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நீங்க பூனையப் பாருங்க" என்றாள்.

நான் குடையேந்திப் பூனைகளிடமிருந்து மீனைக் காத்தேன். துறைமுகத்தில் கப்பல்களை வரவேற்றவர் முழங்கால் நனையக் கூடை பிடித்தார். நீர் மாற்றி நீர் மாற்றி அலசி முடித்ததும், கோதை கிண்ணத்து மீனை அம்மியில் நசுக்கி, பொறுமையாக முள் களைந்து, பாத்திரத்தில் அறைந்து அறைந்து பிசைந்து, தட்டிப் பொரித்தாள். மாமனார் ஒன்றைக் கடித்து வெகுநேரம் மென்றார்.

"பினாங்குலயும் இப்பிடித்தானுங்களா?" என்றார் கவுண்டர்.

"துள்ளறது அப்பிடியேதானுங்க. காப்பித் தோலுதான் புதுசு."

கவுண்டர் இன்னொன்றை எடுத்துக்கொண்டார். "மீனு நல்லாத்தான் இருக்குதுங்க. என்ற காப்பிதான் இனி எப்பிடி இருக்குமோ."

மாமனார் கை கழுவினார். "கண்ணு, பொட்டிய எடு. போலாம்."

என் கையிலிருந்த குடை தானாக மடங்கியது.

"நான் எப்பிடிங்கப்பா வர்றது?" என்றாள் கோதை. "நான் கீழ வந்துட்டா, இவரு நாளைக்குக் கவுண்டரு ஏர எடுத்துச் சவரம் பண்ணுவாரு. யாரு பாக்கறது?"

கவுண்டர் பதறிப் போனார். "அம்மிணி சொல்றது நொம்பச் சரிங்க. கூட்டிட்டுப் போறதுன்னா வாத்தியாரையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிருங்க சாமி. தனியா மட்டும் உட்டுட்டுப் போவாதீங்க."

மாமனார் கட்டிலடியிலிருந்த பெட்டியைத் தாமே இழுத்துத் திறந்தார். அதில் விளிம்புவரை ராகி இருந்தது. ராகியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். மாலை பஸ்ஸில் தனியாக இறங்கிப் போனார்.

அதன்பின் எங்கள் வீட்டில் காப்பி தரும்போதெல்லாம் டம்ளரை உயர்த்தி, "முள்ளு எடுத்தாச்சா கண்ணு?" என்று கேட்ட பிறகே குடிப்பார். இன்று, அந்தக் கெண்டையை அறியாத எங்கள் மருமகனும் அவ்வாறே கேட்கிறான்.

உறுதி செய்ய இயலாதவை இரண்டு. அந்தத் தொட்டிக் காப்பி காய்ந்து மூட்டையேறிப் போயிற்று. எந்த ஊரில் யார் குடித்தார்கள் என்பது தெரியவில்லை. அப்பெட்டியில் சனிக்கிழமைவரை புடவைகளே இருந்தன. கோதை எப்போது அதில் ராகியைக் கொட்டினாள், ஏன் கொட்டினாள் என்பதும் தெரியவில்லை.