மல்சனுலெயோ திறப்பு விழா

போடியில் எங்கள் தர்ம ஆஸ்பத்திரி கட்டி முடிந்தது. முருகன் புண்ணியத்தில் கூரை ஒழுகவில்லை. பெயர்ப்பலகை ஒன்றுதான் பாக்கி.

அந்த வருஷம் ஊரில் எஸ்பராண்டோ மோகம். உலகத்தார் எல்லாரும் பேசுவதற்கென்றே செய்த பாஷையாம். கமிட்டித் தலைவர், ஏலக்காய் மண்டி சீனிச்சாமி, தபாலில் புத்தகம் வரவழைத்துப் பாதிவரை படித்திருந்தார். பலகையில் ‘மல்சனுலெயோ’ என்று எழுதவைத்து, மகாஜனங்களுக்கு விளக்கமும் அருளினார்.

“சன் என்றால் சுகம். முன்னால் மல் சேர்த்தால் நேர் எதிர், அதாவது சீக்கு. உல் என்றால் ஆள். எய் என்றால் இடம். கடைசி ஓ, பெயர்ச்சொல் என்பதற்கு அடையாளம். ஆகவே, சீக்காளிகளின் இடம்! இதை அணுவளவும் மீறலாகாது என்று கமிட்டி தீர்மானிக்கிறது.”

மறுநாள் காலை, ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் மொக்கையனைக் குளிர்காய்ச்சலோடு ஜீப்பில் போட்டுக் கொண்டுவந்தாள் பெண்சாதி அய்யம்மாள். வாசலில் கம்பவுண்டர் ராக்கையா மருந்துப் பெட்டியோடு நின்றார்.

“அண்ணே, வெரசா உள்ள வந்து மாத்திரையக் குடுங்க.”

“நான் எப்படி ஆத்தா வர்றது? சீக்காளி மட்டுந்தான் உள்ள போகலாமாம். எனக்குத்தான் சீக்கு இல்லையே.”

“பெட்டியக் கொண்டாங்க, நான் கொண்டுபோறேன்.”

“ஒனக்கும் சீக்கு இல்ல. பெட்டிக்கும் இல்ல.”

“அப்ப இங்ஙனயே குடுங்க.”

“வைத்தியம் கட்டடத்துக்குள்ளதான் நடக்கணுமாம். அதுக்கும் தீர்மானம் இருக்கு.”

மொக்கையனை மட்டும் சகல மரியாதையோடு உள்ளே விட்டார்கள். ஒற்றை ஆளாய்க் கட்டிலில் கிடந்து நடுங்கினான். அய்யம்மாள் மண்டிக்கு ஓடினாள்.

“சாமி, எம் புருசன் போயிருவாரு போலருக்கு!”

“பயப்படாதே ஆத்தா,” என்றார் சீனிச்சாமி. “போனாலும் முறையான இடத்திலிருந்துதான் போவார்.”

சாயங்காலம் திறப்பு விழா. வடையும் காபியும் உள்ளே. சுகமானவர்கள் எப்படிப் போவது? சீனிச்சாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “வாயு” என்று சொல்லி நுழைந்தார். திறந்துவைக்க வந்த பெரிய அதிகாரிக்குத் தலைவலி வந்தது. கமிட்டி மெம்பர்களுக்குப் பித்தம். பஜனைக் கூட்டத்துப் பெண்கள் எங்களுக்கும், வடை வாசனை வந்ததும், முழங்கால் வலி கண்டது. கட்டில்கள் நிறைந்துவிட்டன. தலைவர் பேச்சுக்கு இடைஞ்சலாக முனகிய மொக்கையனை, கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னார்கள்.

தெருவில் மூன்றே பேர். ராக்கையா அக்கம்பக்கம் பார்த்தார். தீர்மானம் போட்டவர்கள் அத்தனை பேரும் வடையில் இருந்தார்கள். பெட்டியைத் திறந்து குளிர்காய்ச்சலுக்கான கொயினா மாத்திரையை மொக்கையன் வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்தார். அய்யம்மாள் முருகனை நினைத்து மலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

உள்ளே கைதட்டல் பலமாகக் கேட்டது.

“அண்ணே, ஊரே உள்ள கெடக்கே. அவுகளுக்கு மருந்து வேணாமா?”

ராக்கையா பெட்டியை மூடினார்.

“அந்தச் சீக்குக்கு இன்னும் மருந்து வரல, ஆத்தா.”