பீரோவில் இருக்கும் பைலா

"எருமை கட்டலாமா கூடாதாங்கறது எல்லாம் சங்கத்து விதிங்க எழுதின பைலாவுல இருக்குதுங்க" என்றார் காலனிச் சங்கத்தின் செகரட்டரி கிருஷ்ணராஜ்.

"அந்த பைலாவைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றார் கங்காதரன்.

"மெம்பருங்களுக்கு மட்டும்தான் காட்டுவோம்."

"மெம்பர் ஆவறதுக்கு இன்னா பண்ணணும்?"

"இங்க ஒரு வீடு வாங்கணும்."

"பைலாவைப் பாக்காம எப்படிங்க வீடு வாங்கறது?"

"மத்தவங்க எல்லாம் வாங்கலையா?" என்று கேட்டுவிட்டு கிருஷ்ணராஜ் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளே தறி 'டடக் டடக்' என்று ஓட ஆரம்பித்தது. மனுஷர் குடியாத்தத்துக்காரர். லுங்கி நெய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

கங்காதரன் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் செலக்ஷன் மேஸ்திரி. லாரியில் ஆயிரம் தோல் வந்து இறங்கினாலும், ஒவ்வொன்றையும் மயிர்ப் பக்கம் ஒரு தடவை, சதைப் பக்கம் ஒரு தடவை புரட்டிப் பார்க்காமல் 'சரி' என்று சொல்லமாட்டார். முதலாளியே தலைகீழாக நின்றாலும் நடக்காது. பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தட்டில் வைத்த ஜாங்கிரியைக்கூடப் புரட்டிப் பார்த்தார் என்று அமிர்தவள்ளி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அப்பேர்ப்பட்டவருக்கு இப்போது அவசரமாக ஒரு வீடு வேண்டும். கம்பெனி குவார்ட்டர்ஸை இடித்துவிட்டுப் புது மிஷின் போடப் போகிறார்கள். பொங்கலுக்குள் காலி பண்ண வேண்டும். பாலாற்றங்கரைக் காலனியில் பதினாலாம் நம்பர் வீட்டை ஷபீ அஹமது பாய் விற்கிறார். அவருக்கு வியாபாரம் மெட்ராஸுக்கு மாறிவிட்டது. வீடும் நல்ல வீடு, விலையும் தோது. ஒரே ஒரு சங்கடம்தான், அது நாலு காலில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது.

"நம்ம எருமை ராணியோட பாலை வித்துத்தான் ரெண்டு பொண்ணுங்களும் டீச்சர் ட்ரெயினிங் படிச்சுதுங்க" என்றாள் அமிர்தவள்ளி. "அதுக்கு இடம் இல்லாத வீட்டுல நான் கால் வைக்கமாட்டேன். நீங்க வேணா அந்த செகரட்டரியோட குடும்பம் நடத்துங்க."

சொன்னால் செய்கிறவள். கங்காதரன் சட்டையை மாட்டினார். நேரே பாயிடம் ஓடினார்.

"பைலாவா? வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போட்டேன் மேஸ்திரி. கண்ணால பாத்ததில்ல" என்றார் ஷபீ அஹமது. "மாசாமாசம் சந்தா கட்டறேன், மோட்டார் ஓடுது, தண்ணி வருது. வேற இன்னா வேணும்?"

"நீங்க மெம்பர்தானே பாய்? எனக்காக நீங்க கேளுங்க."

பாய் போய்க் கேட்டார். வினை வந்தது. வீட்டை விற்கிறவர் முதலில் பாக்கி இல்லை என்று சர்ட்டிபிகேட் வாங்கட்டும் என்றார் கிருஷ்ணராஜ். ரெஜிஸ்டரைப் புரட்டினால், பாய் எட்டு வருஷமாகத் தென்னை மரக் கட்டணம் கட்டவில்லை.

"அந்தத் தென்னை வெச்ச மாசமே பட்டுப்போச்சு மேஸ்திரி! செத்த மரத்துக்குச் சந்தாவா?" பாய் கங்காதரன்மேல் பாய்ந்தார். "சிவனேன்னு இருந்தவனை பேஜார்ல மாட்டி விட்டுட்டீங்க. வாணியம்பாடியிலேருந்து ஒரு பார்ட்டி வெள்ளிக்கிழமை வர்றார். வாயத் திறந்து ஒரு கேள்வி கேக்காத தங்கமான ஆளு. அதுக்குள்ள முடிவு பண்ணுங்க."

அன்றைக்குத் திங்கட்கிழமை. கங்காதரன் மறுபடியும் கிருஷ்ணராஜ் வீட்டுக் கதவைத் தட்டினார். தறி நின்றது.

"வேணும்னா ஒண்ணு பண்ணுங்க" என்றார் கிருஷ்ணராஜ். "இணை மெம்பரா சேந்துக்கோங்க. அதுக்கு வீடு தேவையில்ல, பத்து ரூபா போதும்."

கங்காதரன் பத்து ரூபாயைக் கட்டி ரசீதை வாங்கி, அதையும் இரண்டு பக்கமும் பார்த்தார். "இப்போ காட்டுங்க."

"பைலா பீரோவுல இருக்குது. பொதுக்குழு தீர்மானம் இல்லாம பீரோவைத் திறக்கக்கூடாது. இருவது மெம்பருங்க கையெழுத்துப் போட்டுக் கேட்டாத்தான் பொதுக்குழு."

"இதுவும் பைலாவுல இருக்குதா?"

"இல்லாம நான் சொல்வேனா?"

மறுநாள் காலையில் காலனி வாட்ச்மேன் காசி ஒரு துடைப்பத்தோடு குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றான். "சார், இந்த வாரம் தண்ணித் தொட்டி கழுவற முறை இணை மெம்பருங்களுக்கு. நீங்க ஒருத்தர்தான் இணை மெம்பர்." இல்லாத வீட்டுக்காக, குடிக்காத தண்ணீர்த் தொட்டியைக் கங்காதரன் இடுப்பளவு பாசியில் இறங்கித் தேய்த்தார். அமிர்தவள்ளி வந்து மேலே நின்று வேடிக்கை பார்த்தாள்.

"எருமை குளிக்கிற மாதிரியே இருக்குது" என்றாள்.

தொட்டியிலிருந்து ஏறியவர் ஈர வேட்டியோடு வீடு வீடாகக் கையெழுத்துக்குப் போனார். அதுதான் பெரிய வினையாகிவிட்டது. கையில் காகிதம், வாயில் பைலா. கூட்டுறவு இலாகா ஆபீசர் மாறுவேஷத்தில் வந்து தொட்டியில் இறங்கியே சோதனை போடுகிறார் என்று காலனி முழுக்கப் பேச்சு பரவியது. பத்தாம் நம்பர் தாயாரம்மாள் கோழிகளைக் கூடையில் போட்டு மூடினாள். நாலாம் நம்பர்க்காரர் வாசலில் போட்டிருந்த மிட்டாய்க் கடையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பைலாவில் என்ன இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் தாங்கள் அதை மீறிவிட்டோம் என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பயத்திலேயே இருபது கையெழுத்தும் விழுந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் மோட்டார் ரூம் முன்னால் பொதுக்குழு கூடியது. நடுவில் பூட்டிய இரும்பு பீரோ.

"இவரு நம்ம பைலாவைப் பாக்கணுமாம்" என்றார் கிருஷ்ணராஜ். "இன்னாத்துக்குன்னு அவரே சொல்லட்டும்."

கங்காதரன் எழுந்தார்.

"நான் ஆபீசர் இல்லைங்க. தோல் மேஸ்திரி. எங்க வீட்ல ஒரு எருமை இருக்குது. அதைக் கட்டலாமா கூடாதா, மாசச் சந்தா எதுக்கெல்லாம் வாங்கறீங்க, அது தெரிஞ்சா போதும். நாளைக்குச் செருப்பாப் போற தோலையே நான் புரட்டிப் பாக்காம எடுக்கமாட்டேன். சாவற வரைக்கும் இருக்கப்போற வீட்டை எப்படிங்க எடுப்பேன்?"



"அடப்பாவி மனுஷா! அப்போ நான் மூணு நாளா கோழிங்களை மூடி வெச்சது எதுக்கு?" என்று கத்தினாள் தாயாரம்மாள். "எட்டு வருஷமா எங்கள ஒரு புஸ்தகத்தைக் காட்டி மிரட்டறாரே, அதைத் திறங்கய்யா பாப்போம்!"

"திற! திற!" என்று காலனியே எழுந்து நின்றது.

கிருஷ்ணராஜுக்கு முகம் சிவந்தது. "ராப்பகலா உழைச்சதுக்கு இதுதான் மரியாதையா? இந்தாங்க சாவி! நான் ராஜினாமா!" வீசிய சாவி, பேசிவிட்டு உட்கார்ந்திருந்த கங்காதரன் மடியிலேயே வந்து விழுந்தது.

"கேட்டவரே இனிமே செகரட்டரியா இருக்கட்டும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

"எனக்கு இங்க வீடே இல்லையேங்க!"

ஷபீ அஹமது எழுந்தார். "வாணியம்பாடிக்காரர் கெடக்கறார். பதினாலாம் நம்பர் உங்களுக்குத்தான் மேஸ்திரி! செத்த மரத்துக்குச் சந்தா இல்லேன்னு மட்டும் தீர்மானம் போடுங்க."

கங்காதரன் பீரோவைத் திறந்தார். உள்ளே தோல் அட்டை போட்ட தடிப் புத்தகம். பழக்க தோஷத்தில் முதலில் அதன் இரண்டு அட்டையையும் தடவிப் பார்த்தார். பிறகு நடுவில் பிரித்தார். வெள்ளைத் தாள். அடுத்ததும் வெள்ளை. கடைசிவரை புரட்டிவிட்டு முதல் பக்கத்துக்கு வந்தால், அங்கே கிருஷ்ணராஜ் கையெழுத்தில் ஒரே ஒரு வரி: '1. உறுப்பினர் வீட்டில் ஒரு தறி ஓட்டிக்கொள்ளலாம்.'

சிரிப்பு பாலாற்றின் அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். கங்காதரன் பேனாவை எடுத்து, 'உறுப்பினர் வீட்டில் ஒரு எருமை கட்டிக்கொள்ளலாம்' என்று எழுதினார். "கோழி!" என்று தாயாரம்மாள் கத்தினாள். மூன்றாவது கோழி. நாலாவது மிட்டாய்க் கடை. ஐந்தாவதாக, மாசாமாசம் சந்தாக் கணக்கை மோட்டார் ரூம் கதவில் ஒட்ட வேண்டும். அமிர்தவள்ளி கல்யாணத்தன்றுகூட அவரை அப்படிப் பார்த்ததில்லை.

மாட்டுப் பொங்கல் அன்றைக்கு ராணி, கொம்பில் புதுச் சாயமும் நெற்றியில் மஞ்சள் குங்குமமுமாகக் காலனிக்குள் நுழைந்தது. அமிர்தவள்ளி முன்னால் நடந்த நடையைப் பார்த்தவர்கள் யாரோ அமைச்சர் வருகிறார் என்று நினைத்து வழி விட்டார்கள். பதினாலாம் நம்பர் வாசலில் முதல் பாலுக்குச் செம்போடு நின்றவர் கிருஷ்ணராஜ். காதுவரைக்கும் சிரிப்பு.

கங்காதரனுக்குப் புரியவில்லை. காசியை ஓரமாக இழுத்தார். "இன்னா காசி, அன்னைக்கு சாவியைத் தூக்கி அடிச்ச மனுஷன் இன்னைக்கு இப்படி இளிக்கிறாரு? கோவமெல்லாம் போயிடுச்சா?"

"கோவமா? எட்டு வருஷத்துக்கு முன்னாடி, தறி போடலாமான்னு பைலாவைக் கேட்டுக்கினு வந்து, இதே மாதிரி சாவியை மடியில வாங்கினவருதான் சார் அவரு" என்றான் காசி. "அன்னையிலேருந்து, வீடு வாங்கறதுக்கு முன்னாடி பைலாவைக் கேக்கற இன்னொரு ஆளு எப்போடா வருவான்னு தினம் என்னைத்தான் கேட்டுக்கினு இருந்தாரு!"